கனல்கிறதா, புகைகிறதா, நீறு பூத்திருக்கிறதா? சுடர்விடாத நெருப்புக்குச் சொல் தேடுவோருக்கு ஒரு முழு வழிகாட்டி

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு காதல் நாவலை மொழிபெயர்க்கும் வேலை வந்தது. ஆங்கிலத்தில் கதாநாயகனின் கண்களுக்கு அடிக்கடி வந்த அடைமொழி 'ஸ்மோல்டரிங்'. அகராதியைப் புரட்டினேன். 'சுவாலை இல்லாமல் மெல்ல எரிதல், கனலுதல்' என்றிருந்தது. சரி என்று, "கனன்றுகொண்டிருந்த கண்களால் அவன் அவளைப் பார்த்தான்" என்று எழுதி அனுப்பிவிட்டேன். மெய்ப்புப் பார்த்த அம்மையார் பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி எழுதித் திருப்பி அனுப்பினார்: "இவன் ஏன் அவள்மேல் இவ்வளவு கோபமாக இருக்கிறான்?"

அகராதி சொன்னதில் தப்பில்லை. தப்பு என்னுடையது. ஆங்கிலத்தில் ஒரே சொல் செய்யும் வேலையைத் தமிழில் நாலைந்து சொற்கள் பிரித்து வைத்துக்கொண்டு செய்கின்றன. எதை எங்கே எடுப்பது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. அதற்கப்புறம் எழுத்திலும் மெய்ப்பிலும் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே படிப்படியாக எழுதியிருக்கிறேன். மொழிபெயர்ப்பவர்களுக்கும், கதையோ செய்தியோ எழுதுபவர்களுக்கும் உதவும்.

படி 1: சொல்லைத் தேடும் முன் நெருப்பைப் பாருங்கள்

ஒரு விறகுக்கட்டை அடுப்பில் என்னவெல்லாம் ஆகிறது என்று நினைத்துப் பாருங்கள். வைத்தவுடன் அது புகையும். கட்டைக்குள் இருக்கும் ஈரமும் வாயுக்களும் வெளியேறுகின்றன. அந்த வாயுவில் தீப்பற்றியதும் சுடர் எழும்பும். நாம் சுவாலை என்று பார்ப்பது எரிகிற வாயுவைத்தான், கட்டையை அல்ல. வாயு தீர்ந்ததும் சுடர் படுத்துவிடும். மிஞ்சுவது கரி. அந்தக் கரியின் மேற்பரப்பில் காற்று படப்பட அது சிவந்து எரியும், சுடர் இருக்காது. கடைசியில் அதன்மேல் சாம்பல் படியும். உள்ளே சூடு அப்படியே இருக்கும்.

ஆக, சுடர் இல்லாத நெருப்பு ஒன்றல்ல, மூன்று. பற்றுவதற்கு முன்பு ஒன்று, எரிந்து முடிந்த பிறகு ஒன்று, அதற்கும் பிறகு சாம்பலுக்கு அடியில் ஒன்று. தமிழ் இவை மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறது: புகைதல், கனல்தல், நீறு பூத்தல். எழுதும்போது நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: கண்ணுக்குத் தெரிவது புகையா, சிவப்பா, சாம்பலா? பதில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

படி 2: புகை தெரிந்தால் 'புகைதல்'

ஈர விறகு புகையும். கொசுவர்த்திச் சுருளும் ஊதுபத்தியும் அப்படித்தான். இயற்பியல்படி பார்த்தால் ஊதுபத்தி நுனியில் நடப்பதும் கனல்தல்தான். ஆனாலும் "ஊதுபத்தி கனல்கிறது" என்று எந்த வீட்டிலும் சொல்லிக் கேட்டதில்லை. ஊதுபத்தி புகையும், அல்லது எரியும். அறிவியலைவிடப் பேச்சு வழக்குக்குத்தான் இங்கே அதிகாரம்.

இந்த வினையில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. புகைந்தது வேறு, புகைத்தது வேறு. தானாக நடந்தால் புகைகிறது, புகைந்தது, புகையும். ஒருவர் செய்தால் புகைக்கிறார், புகைத்தார், புகைப்பார். "விறகு புகைத்தது" என்று எழுதினால் விறகு பீடி பிடித்ததுபோல ஆகிவிடும். சிரிக்காதீர்கள், அச்சிலேயே பார்த்திருக்கிறேன்.

பேச்சில் 'புகைச்சல்' என்ற பெயர்ச்சொல் இன்னும் தாராளமாகப் புழங்குகிறது. தொண்டையில் கரகரப்பு வந்தால் புகைச்சல். பங்காளி வீட்டில் புது வண்டி நின்றால் இங்கே ஒரு புகைச்சல். அதை மனசைப் பற்றிய படியில் பார்ப்போம்.

படி 3: சிவப்பு தெரிந்தால் 'கனிதல்', 'கனல்தல்'

இந்த இரண்டையும் ஒன்றாகவே பலர் நினைக்கிறார்கள். நானும் நினைத்திருந்தேன், எங்கள் தெருமுனை தேய்ப்பு வண்டிக்காரரிடம் ஒருநாள் அவசரப்படும்வரை. அவர் இஸ்திரிப்பெட்டியின் மூடியைத் திறந்து கரியைக் காட்டினார். ஓரங்களில் சிவப்பு பிடித்திருந்தது, நடுவில் இன்னும் கறுப்பு. "கரி இன்னும் கனியல சார். இப்ப தேய்ச்சா சுருக்கம் போகாது, கரிப்பொடிதான் துணியில ஒட்டும்" என்றார். பெட்டியைக் கையில் தூக்கி முன்னும் பின்னுமாக நாலு தடவை ஆட்டினார். ஓட்டைகள் வழியாகக் காற்று போனது. மறுபடி திறந்தபோது கரி முழுக்கச் செக்கச்செவேல் என்றிருந்தது. ஈரக்கையால் பெட்டியின் அடியைத் தொட்டார், 'ஸ்ஸ்' என்றது. "இப்ப குடுங்க."

கனிதல் என்பது அந்த நிலைக்கு வந்து சேர்வது. பழம் கனிவதற்கும் இதே சொல்தான். காய் பக்குவத்துக்கு வருவதுபோல நெருப்பும் பக்குவத்துக்கு வருகிறது. சுடர் அடங்கி, புகை நின்று, கரி முழுவதும் ஒரே சீராகச் சிவந்திருக்கும் நிலை. கத்தரிக்காயைச் சுடுவதற்கும் அப்பளம் வாட்டுவதற்கும் கனிந்த நெருப்புதான் தோது. எரிகிற நெருப்பில் வைத்தால் வெளியே கருகும், உள்ளே வேகாது. ஆகவே காத்திருப்பும் பக்குவமும் சொல்லப்பட வேண்டிய இடத்தில் 'கனிந்தது' என்று எழுதுங்கள்.

கனல்தல் என்பது அந்த நிலையில் இருந்துகொண்டே இருப்பது. "இரவு முழுக்கக் கட்டை கனன்றுகொண்டிருந்தது" என்றால் சரி. "இரவு முழுக்கக் கனிந்துகொண்டிருந்தது" என்றால் ஏதோ இடிக்கிறது.

இனி இலக்கணம். கனல் என்ற வினையைப் பயன்படுத்துபவர்களில் பாதிப் பேர் இறந்தகாலத்தில் சறுக்குகிறார்கள். 'கனலியது', 'கனலித்தது' என்றெல்லாம் எழுதுகிறார்கள். நினைவில் வைக்க எளிய வழி, சுழல் என்ற வினையைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது. சுழல்கிறது, சுழன்றது, சுழலும், சுழன்று. அதேபோல் கனல்கிறது, கனன்றது, கனலும், கனன்று. அகல், கழல், முயல், பயில் எல்லாமே இந்தக் குடும்பம்தான். பிறவினையும் அதே தடத்தில் வரும்: சுழற்று, அகற்று, கழற்று, பயிற்று என்பதுபோல் கனற்று. 'அவன் சொன்ன வார்த்தை அவளைக் கனற்றியது' என்று எழுதலாம். பேச்சில் யாரும் சொல்வதில்லை, ஆனால் எழுத்தில் நின்று பேசும்.

ஒரு எச்சரிக்கை. கனல் என்ற பெயர்ச்சொல்லுக்குப் பழைய வழக்கில் நெருப்பு என்ற பொதுப்பொருளே உண்டு. கதிரவனுக்குக் 'கனலி' என்று பழம்பாடல்களில் பெயர் வரும். சூரியனை யாரும் அடங்கி எரியும் நெருப்பு என்று சொல்ல மாட்டார்கள் அல்லவா? எனவே பழைய செய்யுளில் கனலைப் பார்த்தவுடன் சுவாலை இல்லாத நெருப்பு என்று பொருள் எழுதிவிடாதீர்கள். வினையாக வரும்போதுதான், அதுவும் இன்றைய உரைநடையில்தான், அந்த அடங்கிய எரிதல் தெளிவாகத் தெரிகிறது.

படி 4: கையில் எடுக்கக்கூடியதா? அப்படியானால் பெயர்ச்சொல்லைச் சரியாக எடுங்கள்

தணல், கங்கு, கொள்ளி, தழல் ஆகிய நாலையும் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றாகப் போடுவது எழுத்தில் சர்வசாதாரணம். போடக்கூடாது.

தணல் ஒரு பரப்பு. அடுப்பில் இருக்கும் சிவந்த கரியை மொத்தமாகச் சொல்வது. "தணலில் வாட்டு", "தணலை அள்ளு". சாம்பிராணி போடுவதை நினைத்துப் பாருங்கள். கொட்டாங்குச்சியைக் கொளுத்தி, சுடர் அடங்கும்வரை விட்டு, தணலானதும் தூபக்காலில் போட்டு அதன்மேல் சாம்பிராணிப் பொடியைத் தூவுவார்கள். குளிப்பாட்டிய குழந்தையின் தலைக்கு அந்தப் புகையைக் காட்டுவார்கள். சுடர் எரியும்போதே தூவினால் சாம்பிராணி குப்பென்று பற்றிக்கொள்ளும், மணம் வராது. தணல் என்ற சொல்லின் உள்ளே இந்த அடங்கல் இருக்கிறது. மலையாளிகளிடம் மட்டும் இந்தச் சொல்லைப் பார்த்துப் பயன்படுத்துங்கள். அவர்களுக்குத் தணல் என்றால் நிழல். நம் தணலுக்கு அவர்கள் சொல்வது கனல்.

கங்கு ஒரு துண்டு. இடுக்கியால் ஒன்று, இரண்டு என்று எண்ணி எடுக்க முடிவது. "ரெண்டு கங்கு குடு" என்றால் பொருத்தம், "ரெண்டு தணல் குடு" என்றால் பொருத்தமில்லை. ('கங்கு கரை இல்லாத' என்று சொல்கிறோமே, அந்தக் கங்கு வேறு. எல்லை, ஓரம் என்று பொருள். பனையின் கங்குமட்டையும் நெருப்போடு சம்பந்தமில்லாதது.)

கொள்ளி என்றால் ஒரு முனை எரிகிற கட்டை. மறுமுனையைப் பிடித்துக்கொள்ளலாம். 'எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி' என்ற பழமொழி தேர்தல் சமயத்தில் எல்லார் வாயிலும் வரும். ஆனால் சிதைக்குத் தீ வைப்பதையும் கொள்ளி வைத்தல் என்பதால், இந்தச் சொல்லுக்கு ஒரு சாவு வாசனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. மங்கல நிகழ்ச்சி பற்றிய எழுத்தில் எடுக்காமல் இருப்பது நல்லது.

தழலும் அழலும் இன்றைக்கு மேடைக்கும் கவிதைக்கும் போய்விட்டன. அழல் என்றால் பெருநெருப்பு. சிலப்பதிகாரத்தில் மதுரை பற்றி எரியும் பகுதிக்கு அழற்படு காதை என்று பெயர். நம் தலைப்புக்குள் அது வராது. தழலுக்கு அகராதியில் இரண்டு பொருளும் உண்டு என்றாலும், வாசகர் மனசில் எழுவது சுவாலைதான்.

இதற்கெல்லாம் மேலே ஒரு பெயர் இருக்கிறது: பூ. தீமிதித் திருவிழாவில் விறகை அடுக்கி எரித்து, சுடர் அடங்கிக் கங்காக ஆனதும் தட்டிப் பரப்பிவிடுவார்கள். அந்தக் குழிக்குத் தென்மாவட்டங்களில் பூக்குழி என்று பெயர். இறங்குவது பூ மிதிப்பது. கொங்குப் பக்கம் குண்டம் என்பார்கள், பண்ணாரி அம்மன் கோயில் குண்டம் இறங்குதல் பெயர் பெற்றது. கோயிலில் நின்றுகொண்டு "தணல் ரொம்பச் சூடா?" என்று கேட்டால் பெரியவர்கள் முறைப்பார்கள். அங்கே அது பூ, அவ்வளவுதான்.

படி 5: சாம்பல் மூடியிருந்தால் 'நீறு பூத்த நெருப்பு'

இந்த வழிகாட்டியில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. மிக அதிகமாகக் கெடுக்கப்படும் தொடரும் இதுதான்.

முதலில் எழுத்து. 'நீர் பூத்த நெருப்பு' என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது கண்ணில் படுகிறது. நீர் பட்டால் நெருப்பு அணைந்துதான் போகும், பூக்காது. நீறு என்றால் சாம்பல், பொடி. திருநீற்றில் இருக்கும் அதே நீறு. சுண்ணாம்பை நீற்றுவது என்கிறோமே, கிளிஞ்சலைச் சுட்டுத் தண்ணீர் தெளித்துப் பொடியாக்குவது, அதுவும் இந்த உறவுதான். 'நீர்த்துப்போன' என்பது இன்னொரு சொல், அதையும் இதோடு குழப்ப வேண்டாம்.

அடுத்தது 'பூத்த'. இங்கே பூத்தல் என்றால் மலர்வது அல்ல. மேற்பரப்பில் மெல்லியதாக, வெண்மையாகப் படர்வது. உப்புத்தண்ணீர்ச் சுவரில் உப்பு பூக்கிறது. பழைய ரொட்டியில் பூஞ்சணம் பூக்கிறது. முகத்தில் வியர்வை பூக்கிறது. கங்கின்மேல் நீறு பூப்பதும் அப்படித்தான். ஊதினால் பறந்துவிடும் அளவுக்கு மெல்லிய படலம்.

இனிப் பொருள். பலரும் இந்தத் தொடரை 'அணையப்போகிற நெருப்பு' என்ற தொனியில் எழுதுகிறார்கள். அடுப்படியில் அதற்கு நேர் எதிர். என் ஆச்சி வீடு திருநெல்வேலிப் பக்கம். ராத்திரிச் சமையல் முடிந்ததும் ஆச்சி தணலை அடுப்பின் மூலைக்கு ஒதுக்கி, அதன்மேல் சாம்பலை மெத்தென்று மூடிவிடுவாள். காலையில் வேலைக்கு முதலில் எழுந்திருப்பது அந்த நெருப்புதான். சாம்பலைக் குச்சியால் விலக்கினால் சிமிழ் அளவுக்கு ஒரு சிவப்பு தெரியும். அதன்மேல் தேங்காய் நாரை உருட்டி வைத்து ஊதுகுழலை என் கையில் கொடுப்பாள். நான் ஆவேசமாக ஊதுவேன். "ஏல, மெதுவா ஊது. சாம்பல் கண்ணுல விழுந்துரும்" என்பாள். நார் புகையும், திடீரென்று பற்றிக்கொள்ளும். தீப்பெட்டி அவள் சேலை முடிச்சிலேயே இருந்தது. இருந்தாலும் எடுக்க மாட்டாள், ஒரு குச்சி மிச்சம்.

சாம்பல் நெருப்பைக் கொல்வதில்லை, காற்றைக் குறைத்துக் காப்பாற்றி வைக்கிறது. மெதுவாக எரிவதால் நீண்ட நேரம் இருக்கிறது. ஆகவே ஒரு பகை, ஒரு கோரிக்கை, ஒரு சாதிப்பூசல் வெளியே தெரியாமல் வலுவோடு காத்திருந்தால் 'நீறு பூத்த நெருப்பு'. மெல்ல மெல்ல வலு இழந்து வருவதைச் சொல்ல வேண்டுமானால் 'தணிந்து வருகிறது' என்று எழுதுங்கள். 'சங்கத்துக்குள் இருந்த அதிருப்தி நீறு பூத்த நெருப்பாகக் குறைந்துவிட்டது' என்ற வாக்கியத்தை ஒரு நாளிதழில் படித்தேன். குறைந்ததா, காத்திருக்கிறதா? எழுதியவருக்கே தெரிந்திருக்காது.

படி 6: மூடி எரிப்பதற்கு 'மூட்டம்'

வேண்டுமென்றே சுடர் வராமல் எரிப்பது ஒரு தொழில். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் போனால் சீமைக்கருவேலங் கட்டைகளைக் கரியாக்கும் கரிமூட்டங்களைப் பார்க்கலாம். கட்டைகளைக் குவியலாக நெருக்கி அடுக்குவார்கள். மேலே தழையோ வைக்கோலோ பரப்பி, ஈரமண்ணால் பூசி மூடி, சிறு துளைகள் விட்டு உள்ளே தீ வைப்பார்கள். குவியல் பல நாட்கள் புகைந்துகொண்டிருக்கும். முதலில் வெள்ளைப் புகை, அது கட்டையின் ஈரம். போகப் போகப் புகை மெலிந்து நீலமாகும். அப்போது கரி ஆகிவிட்டது என்று அர்த்தம், துளைகளை அடைத்து ஆறவிடுவார்கள். இதற்கிடையில் மண்பூச்சு எங்காவது வெடித்துக் காற்று புகுந்துவிட்டால் கட்டை பற்றி எரிந்து சாம்பலாகிவிடும், உழைப்பெல்லாம் போச்சு. ராத்திரியில் ஆள் காவல் இருப்பது திருடனுக்காக அல்ல, அந்த வெடிப்புக்காக.

'மூட்டம் போடுதல்' என்ற தொடரை எழுத்தாளர்கள் ஏன் இவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறார்கள் என்று தெரியவில்லை. வாழைத்தாரைப் புகையில் பழுக்கவைப்பதும் மூட்டம்தான். மேகமூட்டம், பனிமூட்டம், புகைமூட்டம் என்று வானத்துக்கும் போய்விட்டது. அடைத்து மூடுவது என்பதுதான் எல்லாவற்றிலும் பொதுவாக ஓடும் கருத்து. ஒரு வீட்டில் யாரும் பேசாமல், எதையும் வெளியே விடாமல் நாட்கள் கழிகின்றன என்றால், 'கரிமூட்டம் போல' என்ற உவமை கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

படி 7: மனசுக்கு எடுத்துப் போகும்போது

இங்கேதான் என் காதல் நாவல் கவிழ்ந்தது. நெருப்புச் சொற்கள் மனசுக்குப் போகும்போது ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட உணர்ச்சியைப் பிடித்துக்கொண்டுவிடும், வேறு எதற்கும் விட்டுக்கொடுக்காது.

புகைச்சல் என்றால் பொறாமை, மனக்குறை. பெரிய பகை இல்லை. "வீட்டை அண்ணன் பேருக்கு எழுதினதிலிருந்து தம்பி வீட்டில் ஒரே புகைச்சல்." இது இன்னும் பற்றாத நெருப்பு. பேச்சுவார்த்தையில் தீர்ந்துவிடலாம். கேலியாக 'காதில் புகை வருது' என்பதும் இந்த ரகம்.

கனல்தல் என்றால் கோபம், அல்லது இலட்சியம். "அவள் கண்கள் கனன்றன" என்றால் கோபம்தான், விவாதமே இல்லை. விடுதலைக் கனல் என்றால் இலட்சியம். காதல், ஆசை ஆகியவற்றுக்கு இந்தச் சொல்லைக் கொண்டுபோனால் மெய்ப்புக்காரரின் பென்சில் வரும். ஆங்கிலத்தில் அந்தப் பார்வை ஆசையைச் சொன்னால் தமிழில் தாபம், ஏக்கம், கிறக்கம் என்ற பக்கம் போக வேண்டும். நான் கடைசியில் "அவன் பார்வையில் இருந்த தாபம் அவளைத் தலைகுனிய வைத்தது" என்று மாற்றினேன். நெருப்பே இல்லை. ஆனால் தாபம் என்பதே வெப்பம்தானே, போதும் என்று விட்டுவிட்டேன்.

குமைதல் நுட்பமானது. அவமானத்தையோ துயரத்தையோ வெளியே காட்ட முடியாமல் உள்ளே வேகுவது. "அத்தனை பேர் முன்னால் மாமியார் சொன்னதைக் கேட்டு அவள் குமைந்துபோனாள்." இங்கே கனன்றாள் என்று போட்டால் அவள் திருப்பிக் கொடுக்கப்போகிறாள் என்று வாசகர் எதிர்பார்ப்பார். குமைந்தவள் கொடுக்க மாட்டாள், அவளுக்குக் கொடுக்க வழியில்லை.

புழுங்குதல் இதற்குப் பக்கத்து வீடு. ஆனால் அதில் குறி இல்லை. யார்மேல் கோபம் என்றே தெரியாது, மூச்சுமுட்டல் மட்டும் இருக்கும். நெல்லைப் புழுக்குவதுபோல ஆவியில் வேகுவது, நெருப்பு நேராகப் படாது. மனப்புழுக்கம் என்ற சொல்லை வேலை கிடைக்காத இளைஞனுக்கு எழுதலாம், துரோகம் செய்யப்பட்டவனுக்கு எழுதினால் பலம் போதாது.

பொருமலில் சத்தம் இருக்கிறது. முணுமுணுப்பு. வயிறு பொருமுவதுபோல உள்ளே காற்று முட்டுவது. குமுறலில் சத்தம் இன்னும் பெரிது: எரிமலை குமுறும், வானம் குமுறும். வெடிப்பதற்கு முந்திய நிலை அது. 'பல ஆண்டுகளாக மௌனமாகக் குமுறிக்கொண்டிருந்தார்' என்று எழுதுவதில் எனக்குச் சம்மதமில்லை. 'உள்ளுக்குள்' என்று சேர்த்தாலாவது ஒருவாறு ஒப்புக்கொள்ளலாம். மௌனமாக இருப்பவர் குமைவார், புழுங்குவார், கனன்றுகொண்டிருப்பார்.

'நெருப்பில்லாமல் புகையுமா?' என்ற பழமொழியில் மட்டும் புகை, வதந்திக்கு ஆகிவந்திருக்கிறது. பொறாமையும் இல்லை கோபமும் இல்லை. பழமொழிகளுக்கு எப்போதும் தனிக்கணக்கு.

படி 8: செய்தியிலும் அறிவியலிலும்

குப்பைக்கிடங்குத் தீ பற்றி எழுதும்போது இந்தச் சொற்களின் அவசியம் நன்றாகத் தெரியும். 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் கிடங்கில் தீப்பிடித்தது. 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் கிடங்கில் பிடித்த தீ ஏறக்குறைய 12 நாள் ஊரையே திணறடித்தது. இந்த மாதிரித் தீயில் சுவாலை சீக்கிரம் அடங்கிவிடும். குவியலின் ஆழத்தில்தான் கனன்றுகொண்டிருக்கும். 'தீ அணைக்கப்பட்டது' என்று ஒருநாளும், 'மீண்டும் தீ' என்று மறுநாளும் தலைப்புப் போட்டால் இரண்டு தீ விபத்துகள் என்று வாசகர் நினைப்பார். 'சுவாலை அடங்கியது, அடியில் இன்னும் கனல்கிறது' என்று போட்டால் ஏன் மண்ணைக் கிளறிக் கிளறித் தண்ணீர் விடுகிறார்கள் என்பதும் புரிந்துவிடும்.

நிலக்கரிப் படுகைகளுக்கும் இதே வினைதான். ஜார்க்கண்டின் ஜரியாவில் நிலத்தடி நெருப்பு முதலில் கண்டறியப்பட்டது 1916இல். அமெரிக்காவின் சென்ட்ரேலியாவில் 1962இலிருந்து. இரண்டும் இன்னும் ஓயவில்லை. நூறு வருடம் 'எரிகிறது' என்றால் நம்ப முடியவில்லை, நூறு வருடம் 'கனல்கிறது' என்றால் நம்பலாம். இந்த வகை எரிதலில் வெப்பம் பெரும்பாலும் 450 முதல் 700 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும், சுவாலையைவிட மிகக் குறைவு. அதனால்தான் மெதுவாகவும் பிடிவாதமாகவும் நடக்கிறது.

பாடநூல்களுக்கு எழுதுபவர்கள் 'சுவாலையற்ற மந்த எரிதல்' என்று நீட்டி எழுதுகிறார்கள். முதல் தடவை வரையறை சொல்லும்போது இருக்கட்டும். அப்புறம் 'கனல் எரிவு' என்று சுருக்கிக்கொள்ளலாம், மாணவருக்குப் புரியும்.

சொல்லோடு சம்பந்தமில்லாவிட்டாலும் இதைச் சொல்லாமல் போக மனசில்லை. தணலில் புகை இல்லையே என்று கணப்புச்சட்டியை மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்குவது உயிருக்கே ஆபத்து. கனல்கிற கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

படி 9: முடிவுக்கு ஒரு வினை

கனன்றது எப்படி முடிந்தது என்பதும் எழுத வேண்டுமே. அணைந்தது என்றால் முழுதாகப் போய்விட்டது. தணிந்தது என்றால் குறைந்திருக்கிறது, மிச்சம் இருக்கலாம். கோபமும் தாகமும் தணிவது போல. ஆறியது என்றால் சூடு போனது. அவிந்தது என்பது விளக்குக்குப் பொருந்தும். யாழ்ப்பாணத்தில் விளக்கை அணைக்கச் சொல்ல 'நூர்' என்பார்கள், மின்விளக்குக்கும் அதே சொல். பூசையறை விளக்குக்கு அணைந்தது என்று சொல்ல நம்மவர்களுக்கு வாய் வராது. குளிர்ந்தது, மலையேறியது என்று சுற்றி வளைப்பார்கள். கதையில் ஒரு பாட்டி பேசினால் அவளுக்கு அந்தச் சுற்றுவழியையே கொடுங்கள்.

கையோடு ஒரு பயிற்சி

கீழே உள்ள நாலு இடங்களுக்கும் என்ன வினை போடுவீர்கள் என்று யோசித்துவிட்டு என் விடையைப் பாருங்கள்.

பெட்டிக்கடையில் பீடி பற்றவைக்கத் தொங்கவிட்டிருக்கும் தேங்காய்நார்க் கயிறு, நுனி சிவந்து, மெல்ல மேலேறிக்கொண்டிருக்கிறது. கனன்றுகொண்டிருக்கிறது. இங்கே புகைகிறது என்றும் சொல்லலாம். சிவப்பைக் காட்ட வேண்டுமா, வாசனையைக் காட்ட வேண்டுமா என்பதைப் பொறுத்தது.

மழையில் நனைந்த வைக்கோல்போருக்கு யாரோ தீ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். புகைகிறது.

இரண்டு தெருக்காரர்கள் தேர் இழுக்கும் உரிமைக்காக அடித்துக்கொண்டு பதினைந்து வருடம் ஆகிறது. இப்போது கல்யாணம் காட்சிக்கு வந்துபோகிறார்கள், ஆனால் தேர் இன்னும் ஓடவில்லை. நீறு பூத்திருக்கிறது.

பதவி உயர்வு கிடைக்காத குமாஸ்தா ஒருவர், தனக்கு மேலே வந்துவிட்ட தன் பழைய உதவியாளருக்குத் தினமும் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறார். நான் 'குமைந்தார்' என்று போடுவேன். மெய்ப்புக்கார அம்மையாரிடம் கேட்டேன், "அந்த உதவியாளர் நல்லவரா, கெட்டவரா? கெட்டவர் என்றால் 'கனன்றார்' என்று போடுங்கள்" என்றார்.